கைமாறிய வண்டிக்கு யார் பொறுப்பு?

மலையேறும் பணம் – 11

முந்தலைத் தாண்டினால் ஏற்றம் தொடங்கிவிடும். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் இந்தச் சாலையில் ஏறுபவை தோட்ட ஜீப்புகள். பூப்பாறை, சாந்தாம்பாறை, ராஜாக்காடு பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவை. சனி, ஞாயிறுகளில் வெயில் ஏறிய பிறகு வருபவை வேறு ரகம். மூணாறு கேப் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வருகிற தாழ்வான கார்கள். சைலன்சர் சத்தம் இரண்டு வளைவு முன்னாலேயே கேட்டுவிடும்.

பார்வைக்குத் தூரமாக இருக்கும் இந்த இரண்டு வண்டிகளுக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டையும் பலர் பழையதாகத்தான் வாங்குகிறார்கள். மலைக்காரர்கள் விரும்பும் கமாண்டரும் மேஜரும் இப்போது உற்பத்தியிலேயே இல்லை. மஹிந்திரா 1949-ல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கிய காலத்து எளிமையான அமைப்பு அவற்றில் மிச்சமிருந்தது. பட்டறையில் ஸ்பானரை வைத்தே பாதிக் கோளாறைச் சரிசெய்துவிடலாம். அதனால் அந்த ஜீப் வேண்டுமென்றால் பழையதுதான் கதி. ஸ்போர்ட்ஸ் காரில் காரணம் வேறு. புதிதாக வாங்குபவர் முதல் சில வருடங்களிலேயே பெரும் தொகையை இழக்கிறார். அவர் இழக்கும் தொகைதான் அடுத்தவருக்கு அந்தக் காரை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவருகிறது.

சென்ற வாரம் வண்டிக்கடன் வட்டியைப் பார்த்தோம். அதைத் தொடர்ந்து வருகிற கேள்வி இது: பழைய வண்டியை ஓனரிடம் நேரடியாக வாங்குவதா, ‘கன்சல்டிங்’ எனப்படும் பழைய வண்டி வியாபாரியிடம் வாங்குவதா? விலையை மட்டும் வைத்துப் பதில் சொன்னால் ‘டைரக்ட் பார்ட்டி’தான் ஜெயிக்கும். நடுவில் கமிஷன் இல்லை, ஷோரூம் வாடகை இல்லை. ஆனால் விலை பாதிக் கேள்விதான். வண்டி கைமாறிய பிறகு ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்பது மீதிப் பாதி.

ஊருக்கே தெரிந்த ஜீப்

போடியிலும் அதைச் சுற்றியும் ஒரு தோட்ட ஜீப் விலைக்கு வந்தால், வாங்குகிறவர் முதலில் போவது மெக்கானிக்கிடம். வண்டி நம்பரைச் சொன்னாலே போதும். “அந்த வண்டியா? ரெண்டு மழைக்கு முன்னாடி தோண்டிமலைகிட்ட சாஞ்சதாச்சே, சேஸ்ல வெல்டிங் இருக்கும், பாத்துக்கங்கண்ணே” என்று பதில் வரும். யார் ஓட்டினார்கள், எந்தத் தோட்டத்துக்கு ஓடியது, கிரவுன் பினியன் எப்போது மாற்றியது, ஓனர் டீசல் வண்டிக்கு ஆயில் மாற்றுகிறவரா மறக்கிறவரா என்பதுவரை அந்தத் தெருவில் தெரியும். விற்பவரும் அதே ஊரில்தான் நாளைக்கும் இருக்கப்போகிறார். சந்தையிலும் ஏல மையத்திலும் கல்யாண வீட்டிலும் முகம் பார்க்க வேண்டியவர். பொய் சொல்லி விற்றால் பணம் கிடைக்கும், பெயர் போய்விடும்.

இந்த ஏற்பாட்டின் மதிப்பு தெரிய வேண்டுமானால் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் போக வேண்டும். பழைய கார் சந்தையைத்தான் அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் என்ன செய்வார்? நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம் என்று நடுத்தரமாக ஒரு விலை கேட்பார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டாது, விற்காமல் வைத்துக்கொள்வார். கெட்ட கார்காரருக்கு அது லாபம், ஓடிவந்து விற்பார். இப்படியே போனால் சந்தையில் நிற்பவை எல்லாம் கெட்ட கார்களாகிவிடும். இந்தச் சிந்தனைக்காகவே 2001-ல் பொருளியல் நோபல் பரிசை அவர் மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார். சந்தை இப்படிக் கெடாமல் இருக்க உத்தரவாதம், நிறுவனத்தின் பெயர், உரிமம் ஆகியவை தோன்றுகின்றன என்றும் அதே கட்டுரையில் எழுதினார்.

போடி ஜீப்பை நேரடியாக வாங்கலாம் என்று துணிந்து சொல்ல முடிவது இதனால்தான். உத்தரவாதச் சீட்டு செய்ய வேண்டிய வேலையை ஊரின் நினைவு செய்துவிடுகிறது. ஆனால் ஒரு சிவப்பு இரண்டு கதவு காரைச் சென்னையிலோ பெங்களூருவிலோ கொச்சியிலோ முன்பின் தெரியாத ஒருவரிடம் வாங்கும்போது அந்த நினைவு உங்களோடு வராது. அங்கே அகெர்லாஃப் சொன்ன இருட்டுதான். வண்டி ஊரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்குக் காகிதம் பேச வேண்டும்.

கன்சல்டிங்குக்குக் கொடுக்கும் கூடுதல் காசு

கன்சல்டிங்கில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, வண்டியைத் தன் பணம் போட்டு வாங்கி, சரிசெய்து, லாபம் வைத்து விற்பது. இன்னொன்று, ஓனரின் வண்டியை வாசலில் நிறுத்தி வைத்து, விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்குவது. இரண்டும் ஒரே போர்டின் கீழ், ஒரே பாலிஷோடு நிற்கும். “இது உங்க ஸ்டாக்கா, பார்ட்டி வண்டியா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பார்ட்டி வண்டி என்றால் நீங்கள் செய்வது பெரும்பாலும் நேரடிக் கொள்முதல்தான். இடத்துக்கு மட்டும் காசு கொடுக்கிறீர்கள்.

சொந்த ஸ்டாக் என்றால் கணக்கு மாறும். ஜி.எஸ்.டி. கவுன்சில் 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் எடுத்த முடிவின்படி, பழைய வண்டி வியாபாரி தன் லாபத்தின் மேல் 18 சதவீதம் வரி கட்ட வேண்டும். 10 லட்சத்துக்கு வாங்கி 11 லட்சத்து 50 ஆயிரத்துக்கு விற்றால், இடையிலுள்ள ஒன்றரை லட்சத்துக்கு 27,000 ரூபாய் வரி. முழு விலைக்கும் 18 சதவீதம் என்று யாராவது பில் போட்டு மிரட்டினால் நம்ப வேண்டாம். வியாபாரமாகச் செய்யாமல் சொந்தக் காரை விற்கும் தனிநபருக்கு இந்த வரி கிடையாது. டைரக்ட் பார்ட்டி விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூடுதலாகக் கொடுக்கும் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? சட்டப்படி கிடைக்க வேண்டியது கொஞ்சம் கனமானது. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்றிதழ் வந்தது. ஐந்து வருடம் செல்லுபடியாகும். ஓனர் வண்டியை வியாபாரியிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அந்த நேரத்திலிருந்து வண்டிக்கு வியாபாரியே ஓனராகக் கருதப்படுவார். அதை வைத்து நடக்கும் எதற்கும் அவரே பொறுப்பு. ஓட்டிக்காட்டுவது, பட்டறைக்குக் கொண்டுபோவது போன்ற காரியங்களுக்கு மட்டுமே வண்டியை வெளியே எடுக்கலாம்; அதற்கும் பதிவேடு வைக்க வேண்டும்.

ஆகவே கன்சல்டிங்கில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது கேட்க வேண்டியவை: “அங்கீகாரச் சான்றிதழைக் காட்டுங்க. இந்த வண்டிக்கு 29சி போட்டாச்சா?” இரண்டுக்கும் திருப்தியான பதில் இல்லையென்றால், கூடுதல் விலைக்கு ஈடாக அவர் எந்தப் பொறுப்பையும் சுமக்கவில்லை. பேரத்தை அங்கிருந்து திரும்பத் தொடங்கலாம்.

இன்னொரு வித்தியாசம் வழக்கில் தெரியும். வியாபாரி ஏமாற்றினால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். காரைக் கொச்சியில் வாங்கியிருந்தாலும் தேனியிலேயே வழக்கு நடக்கும். பழைய காரைச் சொந்தத் தேவைக்கு விற்ற தனிநபர்மேல் அந்த வழி கிடையாது, உரிமையியல் நீதிமன்றம்தான். எத்தனை வாய்தா என்று சொல்லத் தேவையில்லை.

பேர் மாறாத வண்டி

இனி விற்பவர் கவனிக்க. நம் ஊரில் வண்டி விற்பது என்றால் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டு, ஆர்.சி.யையும் சாவியையும் கொடுத்துவிடுவது. அந்த ‘ஓப்பன் ஃபார்ம்’ கை கையாகப் போகும். கடைசியில் யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இதன் விலை என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் சொன்னது. ஓனர் 2007-லேயே காரை விற்றுவிட்டார். கார் அடுத்தடுத்துச் சில கைகள் மாறியது. பதிவேட்டில் மட்டும் பழைய ஓனர் பெயரே இருந்தது. 2009-ல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. இழப்பீட்டை யார் கட்டுவது? மோட்டார் வாகனச் சட்டப்படி யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே ஓனர், அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். இழப்பீடு கேட்டு நிற்கும் குடும்பம், வண்டி யார் யார் கைக்குப் போனது என்று துரத்திக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்பது அதன் நியாயம். 17 வளைவு உள்ள சாலையில் ஓடும் வண்டியை ஓப்பன் ஃபார்மில் விற்பவர் இந்தத் தீர்ப்பை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

சட்டம் கொடுக்கும் கெடு அப்படியொன்றும் கடினமானதல்ல. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலப் பதிவு என்றால் 45 நாள். வாங்குபவருக்கு 30 நாள். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வாங்குபவர் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால் எதிராளிக்கான காப்பு தொடரும். உங்கள் வண்டி சேதத்துக்குக் கைவிரித்துவிடுவார்கள். பழைய ஓனர் சேர்த்து வைத்த ‘நோ க்ளைம் போனஸ்’ அவரோடு போய்விடும். அதை விலையில் சேர்த்துக் காட்டினால் ஏமாற வேண்டாம்.

வாங்கியவரைக் கையோடு அழைத்துப் போய்ப் பெயர் மாற்றும் வசதி நேரடி விற்பனையில்தான் உண்டு. நல்ல கன்சல்டிங் என்றால் அதையே தன் பொறுப்பில் முடித்து, புது ஆர்.சி.யைக் கையில் கொடுத்த பிறகே மீதிப் பணம் கேட்கும்.

மெட்டு தாண்டினால் வேறு மாநிலம்

போடிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் தனி. மலைமேல் தோட்டம் கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். கே.எல். நம்பர் ஜீப்பை இங்கே வாங்கினால் அங்கிருந்து என்.ஓ.சி. வேண்டும், அது படிவம் 28. ஒரு மாநிலப் பதிவோடு இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் வாங்கியாக வேண்டும். சாலை வரியும் இங்கே கட்ட வேண்டும். 2023 நவம்பரில் தமிழ்நாடு வாழ்நாள் வரியை உயர்த்தியது: 10 முதல் 20 லட்சம் வரையிலான புதுக் காருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 20. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து விகிதம் குறையும். ஆனாலும் 50 லட்சத்துக்கு வாங்கப்பட்ட காரின் வரி, ஐந்து வருடம் கழித்தும் ஒரு சின்ன காரின் விலைக்கு வந்து நிற்கலாம். ‘ஆஃபர் விலை’யில் வேறு மாநில ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்கிறது என்றால், முதலில் இந்த வரியைக் கூட்டிப் பாருங்கள்.

பழைய ஜீப்பானால் வயதையும் பாருங்கள். 15 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய இலகுரக வண்டிக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 5,000-லிருந்து 10,000 ரூபாயானது. சொந்த உபயோகப் பதிவில் இருக்கும் ஜீப்பில் காசு வாங்கி ஆள் ஏற்றினால், விபத்தின்போது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மறுக்க நல்ல காரணம் கிடைத்துவிடும்.

வரியிலிருந்து தப்பிக்கச் செய்த வேலை வாங்கியவர் தலையில் விடிந்த கதைகளும் உண்டு. கேரளத்தில் வசித்துக்கொண்டு, புதுச்சேரியில் பொய் முகவரி காட்டிக் குறைந்த வரியில் சொகுசு கார்களைப் பதிவு செய்தவர்கள் மேல் 2017-ல் கேரளக் காவல்துறை வழக்குகள் போட்டது; அதில் திரைப் பிரபலங்களும் இருந்தார்கள். 2025 செப்டம்பர் 23 அன்று கொச்சி சுங்கத் துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் கேரளம் முழுக்கச் சோதனை நடத்தி, 30-க்கும் மேற்பட்ட வண்டிகளைப் பிடித்தது. பூட்டானிலிருந்து வரி கட்டாமல் பழைய சொகுசு வண்டிகளைக் கொண்டுவந்து, இங்கே வேறு மாநிலங்களில் பதிவு செய்து, கைமாற்றி விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. சோதனைக்கு உள்ளானவர்களில் சிலர், தாங்கள் முறைப்படி காசு கொடுத்து வாங்கியதாகச் சொன்னார்கள்.

வாங்கும் கார் வெளிநாட்டிலிருந்து முழுதாக வந்தது என்றால், சுங்க ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். பரிவாஹன் தளத்தில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், எந்த அலுவலகத்தில் பதிவு, கடன் அடமானம் இருக்கிறதா, அபராதம் நிலுவையா என்று பாருங்கள். சேஸ் நம்பர் காகிதத்தில் இருப்பதும் இரும்பில் இருப்பதும் ஒன்றா என்று கையால் தடவிப் பாருங்கள். பைனான்ஸ் முடிந்தது என்று வாய் சொன்னால் போதாது. படிவம் 35 வந்து, ஆர்.சி.யில் அடமானம் நீங்கியிருக்க வேண்டும்.

மலை சொல்லும் உண்மை

சமவெளியில் இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்தால் எந்தக் காரும் நல்ல கார்தான். ஏறவும் இறங்கவும் விட்டால்தான் குணம் தெரியும். எஞ்சின் முழுக்க ஆறிக் கிடக்கும் காலை நேரத்தில் போய், நீங்கள் கேட்ட பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச் கருகும் வாடை வருகிறதா, வெப்பமுள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இறக்கத்தில் பிரேக் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறதா, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். மலை ஜீப்பில் தரை மேட்டைத் தூக்கித் துருவையும், சேஸ் குறுக்குச் சட்டத்தில் விரிசலையும் தேடுங்கள். ஃபோர் வீலும் லோ கியரும் விழுகின்றனவா என்று ஒருமுறை போட்டே பார்த்துவிடுங்கள்.

ஸ்போர்ட்ஸ் காரில் அடிப்பாகம்தான் முதல் சாட்சி. இந்தச் சாலையின் உள்வளைவுகளில் அது உரசாமல் தப்புவது கஷ்டம். லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பல கார்களில் முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அளவு. ஒரு ஜோடி மாற்றவே பெரிய தொகை. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் தாழ்ந்த வேகத்தில் திக்கித் திக்கி நகர்ந்தால், பேசிய விலையில் ரிப்பேர் செலவை முழுசாகக் கழியுங்கள். மீட்டரை நம்பாதீர்கள், கம்பெனி சர்வீஸ் பதிவுகளில் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று வரிசையாக இருக்கும். ஓனரின் சம்மதத்தோடு அதை எடுத்துப் பாருங்கள். நேரடியாக வாங்கும்போது இதில் ஒரு வசதி உண்டு: ஓட்டியவரே எதிரில் நிற்பார். “ஏன் விக்கிறீங்க?” என்ற கேள்விக்கு அவர் முகம் சொல்லும் பதில் கன்சல்டிங்கில் கிடைக்காது.

உதிரிபாகம் எங்கிருந்து வரும் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 2016-ல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங், ஐந்து லிட்டர் வி8 எஞ்சினோடு பல இளைஞர்களின் கனவாக இருந்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பராமரிப்பு தொடரும் என்று சொல்லியிருந்தாலும், இறக்குமதிக் காரின் ஒரு பாகத்துக்காகக் கார் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கலாம் என்பதை விலைபேசும்போது நினைவில் வைக்க வேண்டும்.

ஏலச் சந்தையில் ஏற்கெனவே கற்ற பாடம்

நேரடியாகவா, உரிமம் உள்ளவர் வழியாகவா என்ற கேள்வி போடிக்குப் புதிதல்ல. 1987-ஆம் ஆண்டின் ஏலக்காய் உரிம விதிகளின்படி ஏலதாரருக்கும் வியாபாரிக்கும் நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் வேண்டும். காயை உள்ளூர் வியாபாரியிடம் கைமேல் காசுக்குக் கொடுப்பவரும் உண்டு. போடி, புற்றடி மின்னணு ஏலத்தில் வைப்பவரும் உண்டு. ஏலத்தில் கமிஷன் போகும், பணம் வரக் கொஞ்சம் நாள் ஆகும். ஆனாலும் விவசாயி அங்கே போவதற்குக் காரணம், பணம் வராவிட்டால் உரிமம் வைத்திருக்கும் ஒருவரைப் போய்க் கேட்க முடியும். பழக்கமான வியாபாரி என்றால் கைமேல் கொடுக்கலாம். முகம் தெரியாதவர் என்றால் உரிமம் உள்ளவர் வழியாக. காய்க்கு இவ்வளவு யோசிக்கிறவர்கள் காருக்கும் யோசிக்கலாம்.

இன்னொன்றும் காயோடு சேர்ந்தது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனபோது கையில் ரொக்கம் புரண்டது. அப்படிப்பட்ட சீசனில் வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: வருமான வரிச் சட்டத்தின்படி ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது, மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம். அபராதம் விற்பவருக்குத்தான், என்றாலும் வாங்குபவருக்கும் வங்கி வழியாகக் கொடுத்த சான்றுதான் பின்னாளில் கை கொடுக்கும்.

சுருக்கமாக என் முடிவு இது. உள்ளூர் ஜீப், தெரிந்த ஓனர், பழகிய மெக்கானிக் என்றால் நேரடியாக வாங்குங்கள். மிச்சப்படும் காசில் டயர் மாற்றலாம். வெளியூர் ஸ்போர்ட்ஸ் கார் என்றால், அங்கீகாரச் சான்றிதழும் 29சி-யும் காட்டி, உத்தரவாதத்தைத் தாளில் எழுதிக் கொடுத்து, பெயர் மாற்றித் தரும் வியாபாரிக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்க வேண்டாம். அப்படி எழுதித் தர மறுக்கும் வியாபாரியைவிட, அடையாள அட்டையோடு எதிரில் நிற்கும் ஓனர் மேல். எந்த வழியில் வாங்கினாலும் பெயர் மாறும்வரை விலையில் ஒரு பங்கைக் கையிலேயே நிறுத்தி வையுங்கள்.

(அடுத்த வாரம்: மலைச்சாலையில் வண்டி கவிழ்ந்தால் இன்ஷூரன்ஸ் எதைக் கொடுக்கும், எதை மறுக்கும்?)